நினைவக அட்டைக்குக் கட்டளை கர்னல் வழியாகத்தான் போகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் அறிவியல் பக்கத்தில், செயற்கை நுண்ணறிவுக் கணினிகளில் பொருத்தப்படும் புதிய வகை நினைவக அட்டைகளைப் பற்றிய கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். பினாங்கில் இத்தகைய சாதனங்களைச் சோதிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இதையெல்லாம் தமிழில் எழுத முன்வந்த கட்டுரையாளரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், இனி மென்பொருள்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைக் கேட்காமல் நினைவக அட்டைக்குத் தாமே கட்டளையிடும் என்றும், இடையில் நின்று சாதனத்தோடு பேசும் கர்னல் பகுதியான இயக்கி வெறும் தாமதம்தான் என்றும் பொருள்பட அதில் ஒரு பத்தி இருந்தது. அதில் பாதி உண்மை, பாதி தவறு. பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் அதை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் பேசப்பட்ட அட்டைகள் சிஎக்ஸ்எல் என்னும் இணைப்பு முறையைச் சார்ந்தவை. இன்டெல்லும் வேறு சில பெருநிறுவனங்களும் 2019 மார்ச்சில் இதை அறிவித்தன. இந்த அட்டையிலுள்ள நினைவகம் கணினியின் முகவரிப் பரப்பில் ஒருமுறை சேர்க்கப்பட்டுவிட்டால், அதில் எழுதுவதும் அதிலிருந்து படிப்பதும் பிராசசரின் வழக்கமான நினைவக வேலையாகவே நடக்கும். 64 பைட் துண்டுகளாகப் போய்வரும் தரவு ஒவ்வொன்றுக்கும் யாரும் கர்னலிடம் அனுமதி கேட்பதில்லை. இந்த வேகத்தைத்தான் கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிறார், அது நியாயமே.

ஆனால் தரவு வேறு, கட்டளை வேறு. அட்டையின் நலம் எப்படி இருக்கிறது, எந்தெந்த முகவரிகள் கெட்டுப்போயின, மின்சாரம் நின்றாலும் அழியாத பகுதி எவ்வளவு என்பன போன்ற கேள்விகளும், அட்டைக்குள்ளேயே இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்று, நினைவகப் பிரிவுகளை மாற்றியமை என்பன போன்ற ஆணைகளும் நினைவகத்தில் எழுதிப் படிக்கும் வழியாகப் போவதில்லை. அவற்றுக்கென்று அட்டையில் மெயில்பாக்ஸ் எனப்படும் சில ரெஜிஸ்டர்கள், அதாவது சிறு பதிவிடங்கள், இருக்கின்றன. கட்டளை எண்ணையும் உடன் செல்லும் தரவையும் அங்கே எழுதி, டோர்பெல் என்னும் ஒற்றைப் பிட்டை 1 ஆக்கினால், அட்டை வேலையை முடித்துவிட்டு அந்தப் பிட்டைத் திரும்பவும் 0 ஆக்கும். பிறகுதான் விடையை எடுக்கலாம். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் இயக்கி இதற்காக இரண்டு விநாடிவரை காத்திருக்கும். இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் அந்த ரெஜிஸ்டர்களில் கைவைத்தால் ஒருவருடைய கட்டளையில் இன்னொருவருடைய தரவு கலந்துவிடும் என்பதால், வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக உள்ளே விட ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்வது கர்னலில் உள்ள இயக்கி.

லினக்ஸில் இந்த இயக்கி 2021 ஏப்ரலில் வெளிவந்த 5.12 பதிப்பில் சேர்ந்தது. மென்பொருள் சாதனத்துக்குரிய கோப்பைத் திறந்து, ஐஆக்டில் என்னும் அழைப்பின் வழியாக இயக்கியிடம் பேசுகிறது. 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலிருந்தே இருக்கும் அழைப்பு அது. முதலில், என்னென்ன கட்டளைகளை அனுப்பலாம் என்று கேட்க வேண்டும். எண்ணிக்கையை 0 என்று வைத்துக் கேட்டால், எத்தனை கட்டளைகள் உள்ளன என்பதை மட்டும் இயக்கி சொல்லும். அதற்கேற்ப இடம் ஒதுக்கி மீண்டும் கேட்டால், ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு தரவு உள்ளே போக வேண்டும், எவ்வளவு வெளியே வரும் என்ற பட்டியல் கிடைக்கும். பிறகு அனுப்பும்போது மென்பொருள் குறிப்பிடுவது அட்டைக்குரிய கட்டளை எண்ணையன்று, கர்னல் தன் பட்டியலில் வைத்திருக்கும் எண்ணை. அதை அட்டையின் எண்ணாக மாற்றுவதும், அளவுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், தரவைத் தன் இடத்துக்குப் படியெடுத்துக்கொண்டு அனுப்புவதும் இயக்கியின் பொறுப்பு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்போருக்கு, நம் மடிக்கணினிகளிலேயே இருக்கும் என்விஎம்இ முறைச் சேமிப்பகத்தை, அதாவது வட்டைக் காட்டலாம். அதற்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் 64 பைட் நீளமுள்ள ஒரு பதிவு. எந்தக் கட்டளை, எந்தப் பகுதிக்கு என்பவற்றோடு, விடையை நினைவகத்தில் எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற முகவரியும் அதில் இருக்கும். சேமிப்பகம் பிராசசரைக் கேட்டு எழுதுவதில்லை. டிஎம்ஏ முறையில், கொடுக்கப்பட்ட முகவரியில் தானே எழுதிவிடும். அந்த முகவரியை எழுதும் உரிமை சாதாரண மென்பொருளுக்கு இருந்தால், வட்டின் நல அறிக்கையைக் கேட்பதுபோல ஒரு கட்டளையை அனுப்பி, அந்த 512 பைட் அறிக்கையைக் கர்னலின் நடு நினைவகத்திலோ இன்னொருவருடைய கடவுச்சொல் இருக்கும் இடத்திலோ கொட்டச் செய்ய முடியும். ஆகவேதான் மென்பொருள் தனக்குரிய முகவரியை மட்டும் சொல்கிறது. அந்த இடம் உண்மையில் அதற்குச் சொந்தமானதா என்று சரிபார்த்து, வேலை முடியும்வரை அந்த நினைவகப் பக்கங்கள் இடம் மாறாதபடி பிடித்துவைத்து, சாதனம் புரிந்துகொள்ளும் முகவரியைக் கட்டளையில் எழுதுவது கர்னல். நில அலுவலகத்தில் விண்ணப்பத்தை நாம் நிரப்பலாம், ஆனால் கிரான் எனப்படும் நிலப்பட்டாவில் எல்லையைப் பதிவது அதிகாரியின் கை அல்லவா? அதே ஏற்பாடுதான் இங்கும்.

கர்னலை ஒதுக்கிவிட்டு வட்டைத் தாமே கையாளும் எஸ்பிடிகே போன்ற மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று விவரம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அங்கும் பெரும்பாலும் விஎஃப்ஐஓ என்னும் இன்னொரு கர்னல் இயக்கிதான் சாதனத்தைப் பிரித்துக் கொடுத்து, எந்த முகவரிகளை அது தொடலாம் என்று ஐஓஎம்எம்யூ என்னும் வன்பொருள் வழியாக வேலி போடுகிறது. அங்கே காவல் வேறிடத்துக்கு மாறியிருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை.

காவலைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதும் ஏற்கனவே பார்த்த கதைதான். ஒரு காலத்தில் லினக்ஸில், சிடி எழுதும் கருவியைத் திறக்க முடிந்த பயனர் அதற்கு ஸ்கஸி என்னும் இணைப்பு முறையின் எந்தக் கட்டளையையும் அனுப்பலாம் என்ற நிலை இருந்தது. ஃபர்ம்வேரை அழிக்கும் கட்டளையும் அதில் அடங்கும். 2004இல் 2.6.8 பதிப்பில் கட்டளைகளை வடிகட்டும் முறை வந்தபோது பலருடைய சிடி எழுதும் மென்பொருள்கள் நின்றுபோயின, எதிர்ப்பும் எழுந்தது. அந்த அனுபவம் சிஎக்ஸ்எல் இயக்கியில் தெரிகிறது. பட்டியலில் இல்லாத கட்டளையை அப்படியே அனுப்பும் கச்சா வழி அதிலும் உண்டு. ஆனால் கர்னலைத் தொகுக்கும்போதே அதைத் தனியாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வன்பொருளையோ இயக்கியையோ உருவாக்குவோர் தவிர மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள் என அங்கேயே அறிவுரையும் இருக்கிறது. பயன்படுத்தினால் கர்னலின் பதிவேட்டில் எச்சரிக்கை விழும். பிரிவுகளை மாற்றியமைக்கும் கட்டளை போன்ற சிலவற்றை, வழக்கமான அமைப்பில் கச்சா வழியிலும் விடுவதில்லை. எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று கர்னல் நம்பிக்கொண்டிருக்கும் வரைபடம் அதனால் பொய்யாகிவிடும் அல்லவா? இந்தக் கச்சா வழியை வசதிக்காக எல்லாக் கணினிகளிலும் திறந்துவைக்கும் பழக்கம் ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், அட்டைக்குக் கட்டளையை அனுப்பிவிட்டு, அழைப்பு 0 என்று திரும்பியதும் திரையில் ‘தேர்ச்சி’ என்று காட்டும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். அந்த 0 சொல்வது, இயக்கி கட்டளையை ஏற்று அட்டையிடம் கொடுத்துவிட்டு விடையோடு திரும்பியது என்பதை மட்டுமே. அட்டை என்ன சொன்னது என்பது கட்டளையோடு அனுப்பிய அதே தரவுத் தொகுப்பினுள் வேறொரு புலத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபோது, கட்டளை ஏற்கப்படவில்லை என்ற குறியீடு இருந்தது. என்விஎம்இயில் இது இன்னொரு விதம்: கர்னல் மறுத்தால் எதிர்மறையான எண், வட்டு மறுத்தால் நேர்மறையான எண் திரும்பும். மறுத்தவர் கர்னலா சாதனமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் எழுதும் சோதனை நிரல், பழுதான அட்டையை நல்லதென்று அனுப்பிவிடும்; நல்ல அட்டையைப் பழுதென்று ஒதுக்கியும்விடும். அந்த மாணவர் திறமைசாலி. இந்த இரண்டு அடுக்குகளையும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலம் முதல் நம்மவர்கள் அங்கே உழைத்து வருகிறார்கள். 2024 மே மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது. அதில் நம் பிள்ளைகளும் உரிய இடத்தைப் பெற வேண்டுமானால், சாதனத்தைப் பொருத்தி எடுக்கும் வேலையோடு நின்றுவிடாமல், சாதனத்தோடு பேசும் மென்பொருளையும் அவர்கள் கற்றாக வேண்டும். இதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. கியூஇஎம்யூ என்னும் இலவச மென்பொருள், என்விஎம்இ வட்டையும் சிஎக்ஸ்எல் அட்டையையும் சாதாரணக் கணினியிலேயே போலியாக உருவாக்கித் தரும். பொலிடெக்னிக்கிலும் திவெட் எனப்படும் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளிலும் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் அதில் ஒரு வட்டை உருவாக்கி, இல்லாத கட்டளை ஒன்றை மாணவர்களைக் கொண்டு அனுப்பச் செய்து, மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். தவறான கட்டளை போனாலும் அங்கே உண்மையான வட்டு எதுவும் கெடாது.

ஆகவே, தரவு போகும் வழியும் கட்டளை போகும் வழியும் வேறு என்பதைத் தெளிவுபடுத்தி, அடுத்த ஞாயிறு பதிப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையாளர் இப்பொருளைத் தொடராக எழுத முன்வந்தால், மாணவர்கள் செய்துபார்க்கக்கூடிய பயிற்சிகளைத் தமிழில் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சோதனைப் பிரிவுப் பொறியாளர் ஒருவர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.