பெற்றோருக்குக் கடிதம்: பிள்ளைகளின் லேப்டாப்பில் மென்பொருள் நிறுவுவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி லேப்டாப்போடு என் அறைக்கு வந்தாள். கூடவே அவளுடைய அம்மா, ரப்பர் பால்வெட்டு முடித்த கையோடு. "லேப்ல ஓடுற நட்சத்திரப் படம் வீட்டுல ஓடமாட்டேங்குது சார். லினக்ஸ்ல ஒண்ணும் கிடைக்காது, அழிச்சுட்டு வேற போட்டுத் தாறேன்னு கடையில சொல்றாங்க" என்றார். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்.

பார்த்தால், ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளை நிறுவ ஒரே ஒரு டெப் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போயிருக்கிறாள். அது ஓட ஸ்டெல்லேரியம்-டேட்டா என்ற தனிப் பொதியும் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் மூட்டை), க்யூடி என்ற துணை மென்பொருள்களும் வேண்டும். காயெல்லாம் நறுக்கி வைத்துவிட்டுத் தேங்காய் அரைக்காத அவியல் மாதிரிதான். லேபில் இணையம் இருப்பதால் 'ஆப்ட்' என்ற நிறுவும் கருவி அவற்றைத் தானே தேடிச் சேர்த்துவிட்டது. அவள் வீட்டில் இணையம் இல்லை.

அதனால் அவளுக்கு ஆப்இமேஜ் வடிவில் கொடுத்தோம். வேண்டியது பெரும்பாலும் ஒரே கோப்புக்குள் இருக்கும். இயங்க அனுமதி கொடுத்தால் போதும். நாகர்கோவில் என்று ஊரைத் தேர்ந்ததும் வானம் விரிந்தது. விடியுமுன் வெட்டப் போகையில் கிழக்கே தெரிவது எது என்று அம்மா கேட்டார். மகள் நேரத்தை நாலரைக்கு மாற்றிக் காட்டினாள்.

எதுவும் கிடைக்காது என்பது சரியல்ல. 2023-இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. களியக்காவிளைக்கு அப்பால் கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் வரும் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் விண்டோஸுக்கே உரியது. அதற்காக லேபில் இரண்டு கணினிகளில் விண்டோஸ் வைத்திருக்கிறோம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். கண்ட தளங்களிலிருந்து எதையும் இறக்க விடாதீர்கள். டெபியனின் பொதிப் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. இடையில் யாராவது பொதியை மாற்றியிருந்தால் ஆப்ட் நிறுவாது. ஆப்இமேஜுக்கு அந்தக் காவல் இல்லை, புதிய பதிப்பும் பொதுவாகத் தானாக வராது. ஆகவே அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு லேப்டாப், சார்ஜர், பென் டிரைவுடன் பிள்ளையை அனுப்புங்கள். கணினி ஆசிரியரும் நானும் இருப்போம். கட்டணம் கிடையாது. அதுவரை எந்தக் கடையிலும் அழிக்கக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பாடக் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்