பாப்பாவின் பெயர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம்தானே? பிரசவ லேகியம் வந்து சேர்ந்ததா, காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போன வாரம் நீ பிரான்ஸிலிருந்து போனில், பாப்பாவுக்கு Geneviève என்று பெயர் வைத்திருப்பதைச் சொன்னதும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். உனக்கு அது வருத்தமாக இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் வாயில் நுழையாத பெயரை என் பேத்திக்கு வைத்துவிட்டார்களே என்று ஓர் ஆதங்கம் எனக்கு. அதை உன்னிடம் நேராகச் சொல்லாமல் மனதிலேயே வைத்துக்கொண்டது தப்பு. அப்புறம் நாலைந்து நாள் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். படித்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எழுத்து. பிரெஞ்சுப் பெயரில் வரும் அந்த முதல் ஒலி தமிழில் கிடையாது. ஆனாலும் தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் பலர் அதற்கு 'ழ' போட்டு, ழான், ழாக் என்று எழுதுகிறார்கள். நானும் அப்படியே ழெனவியேவ் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நம் ழகரத்தில் தொடங்குகிற பெயர் எனக்கு ஒரு பேத்திக்கு வாய்க்கும் என்று நினைத்ததே இல்லை.

பெயரின் பழைய லத்தீன் வடிவம் கெனோவேஃபா. பிரான்ஸை வென்று ஆண்ட பிராங்குகளின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்ததா, அவர்களுக்கும் முன்னே அங்கே வாழ்ந்த கால் (Gaul) மக்களின் கெல்ட் மொழியிலிருந்து வந்ததா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. முன்பாதிக்குக் குலம் என்றும் பின்பாதிக்குப் பெண் என்றும் பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தமிழில் குலமகள். அந்த முன்பாதியும் நாம் சொல்கிற ஜனம், ஜன்மம் என்கிற வடசொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சில பெயர்ப் புத்தகங்களில் 'வெள்ளை அலை' என்று பொருள் போட்டிருக்கும், அதை நம்பாதே. அது ஜெனிபர் என்கிற பெயரோடு போட்டுக் குழப்பியது. ஜெனிபர் வேல்ஸ் நாட்டு மொழிவழி வந்த வேறு பெயர். அங்கே 'க்வென்' என்றால் வெள்ளை.

இந்தப் பெயரை பிரான்ஸ் முழுக்கக் கொண்டுபோனது ஐந்தாம் நூற்றாண்டில், பாரிஸை ஒட்டிய நான்தேரில் பிறந்த ஒரு பெண். நீ அலுவலகம் போகும் ரயில் அந்த ஊர் வழியாகத்தானே போகிறது? 451-இல் ஹூணர்களின் அட்டிலா படையோடு வருகிறான் என்று பாரிஸே மூட்டை கட்டியபோது, ஓடாதீர்கள் என்று தடுத்து, ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்து ஜெபம் செய்தவள். அட்டிலா பாரிஸுக்கு வராமல் ஒர்லேயான் பக்கம் போய்விட்டான். இதைவிட என் மனதில் நிற்பது இன்னொன்று. பின்னாளில் பிராங்குகள் முற்றுகையிட்டு ஊர் பட்டினியில் கிடந்தபோது, செய்ன் நதியில் படகுகளோடு கிளம்பி, மேலே உள்ள ஊர்களில் தானியம் திரட்டிக் கொண்டுவந்து ஏழைகளுக்குக் கொடுத்தாளாம். பாரிஸின் காவல் புனிதை என்று இன்றும் அவளைத்தான் சொல்கிறார்கள்.

பாரிஸில் இருக்கும் பாந்தியோன் கட்டடத்தை நீ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாய். அது அவளுக்காகக் கட்டத் தொடங்கிய கோயில் என்று உனக்குத் தெரியுமா? 1744-இல் நோயில் விழுந்த பதினைந்தாம் லூயி மன்னன், பிழைத்தால் அவளுக்குப் பெரிய கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டான். கட்டி முடிப்பதற்கும் புரட்சி வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. 1791-இல் அதை நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமாக மாற்றினார்கள். 1793-இல் அவளுடைய எலும்புகளையும் எரித்துவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் சேன்த் எத்தியேன் கோயிலில், அவளைப் புதைத்த கல்லறையின் ஒரு துண்டுக் கல் மட்டும் மிச்சம் இருக்கிறது.

ஆனால் 2015-இல் ஒரு ழெனவியேவ் அந்தக் கட்டடத்துக்குள் போனாள். பின்னாளில் பிரான்ஸின் அதிபரான ஜெனரல் து கோலின் அண்ணன் மகள், ழெனவியேவ் து கோல் அந்தோனியோ. நாஜிகளை எதிர்த்து ரகசியமாக வேலை செய்து, இருபத்திரண்டு வயதில் பிடிபட்டு, ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் கிடந்து மீண்டவர். அதோடு விட்டிருந்தாலும் போதும். 1958-இல் பாரிஸுக்கு வெளியே நுவாசி-லெ-கிரான் குடிசைப் பகுதியைப் பார்த்தார். முகாமில் பார்த்த அதே முகங்களை அங்கே கண்டார். அந்த ஜனங்களுக்காகவே மிச்ச வாழ்நாளைக் கொடுத்துவிட்டார். உடலைக் குடும்பத்தார் ஊரிலேயே வைத்துக்கொண்டதால், பாந்தியோனுக்குக் கல்லறை மண்ணைத்தான் பெட்டியில் கொண்டுபோனார்கள். இதைப் படித்துவிட்டு நூலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். தானியம் கொண்டுவந்தவளும் இவரும் ஒரே பெயர்க்காரர்கள் என்பது வழியெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அங்கே இந்தப் பெயரைக் குழந்தைகளுக்கு வைப்பது அபூர்வம். 1930, 40-களில் தெருவுக்கு ஒருத்தி இருந்திருப்பாள். சுருக்கி ழினெத் என்பார்களாம். நெப்போலியன் காலத்து 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்காட்டியில் இருக்கும் புனிதர் பெயரையோ பழைய சரித்திரப் பெயரையோதான் வைக்க முடியும். அந்தக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 1993-இல்தான். மாப்பிள்ளையின் பாட்டி அந்தக் கட்டுக்குள் பெயர் பெற்றவர். உங்களுக்கோ ஒரு கட்டும் இல்லை, எதை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். பாட்டி பெயரைத்தான் வைத்தீர்கள். நம் வீட்டில் அதைத்தானே காலம்காலமாகச் செய்கிறோம்? பெயரைத் தாங்குகிறவள் என்பதால்தானே பெயர்த்தி, பேத்தி என்கிறோம்? போனில் இது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்று. உன் அப்பாயி சின்ன வயதில் எனக்கு ஒரு கதை சொல்லும். அநியாயப் பழி சுமந்து காட்டுக்குப் போன ராணி, அவள் குழந்தைக்குப் பால் கொடுத்த மான். கதையை அது டூரிங் கொட்டகையில் பார்த்த படத்திலிருந்து சொன்னது. 1953-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ஜெனோவா. அது பெல்ஜியம் பக்கத்துப் பிரபாந்து நாட்டு ழெனவியேவ் என்கிற ஐரோப்பியப் பழங்கதை. பெயரும் இதே பெயர்தான், நம் வாய்க்கு வந்தபடி ஜெனோவா ஆகியிருக்கிறது. தென்கோடிக் கடற்கரையில் ஜெனோவா என்று பெயர் வைத்த கத்தோலிக்கப் பெண்கள் எத்தனையோ பேர். மான் வந்தால்தான் நான் தூங்குவேன் என்று அப்பாயி சொல்லும். வாயில் நுழையவில்லை என்று நான் நினைத்த பெயரைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்கியிருக்கிறேன்.

அங்கே நாட்காட்டியில் பாப்பாவின் பெயர்நாள், அதாவது அந்தப் புனிதையின் நாள், ஜனவரி 3. அன்றைக்கு முடிந்தால் அந்த சேன்த் எத்தியேன் கோயிலுக்கு மூவரும் போய்விட்டு வாருங்கள். மாப்பிள்ளையின் பாட்டியிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் கேட்டு எழுது.

நான் தினமும் மொட்டை மாடியில் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். கடைசி 'வ்' இன்னும் சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் பாப்பா காதில் வை. நான் கூப்பிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா