மண்டபத்துக்கு முதலில் ஒரு பைப் போடுங்கள்

மலையகத்து நகர சபைகளிலும் பிரதேச சபைகளிலும் பொறுப்பில் இருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு பல சபைகளுக்குப் புதியவர்கள் வந்திருக்கிறீர்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் ஊர் மண்டபத்துக்கு ஏதாவது ஒதுக்கும் எண்ணம் இருந்தால், நாடகம் போடுகிறவர்கள் தரப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். புதிய விளக்குகளை வாங்குவதற்கு முன்னால், விளக்கைத் தொங்கவிட ஒரு பைப்பும் அதற்கென்று தனிக் கரண்ட் லைனும் போட்டுத் தாருங்கள்.

மண்டபம் திருத்தும்போது வழக்கமாக நடப்பது என்னவென்றால், மேடைக்கு மேலே வரிசையாக டியூப் லைட் வரும், திரைக்குப் பக்கத்தில் நிறம் மாறிச் சுழலும் எல்ஈடி லைட் வரும். பரிசளிப்பு விழாவுக்கும் கல்யாணத்துக்கும் அது போதும். நாடகத்தில் அந்த வெளிச்சத்தில் முகம் தெரியாது. நேர் மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் நெற்றியும் மூக்கும் வெளுத்துப் போகும், கண்கள் இரண்டும் குழிக்குள் போய்விடும். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வாய் அசைவது தெரியாவிட்டால் வசனமும் பாதிதான் காதில் விழும். தகரக் கூரையில் மழையும் பிடித்துக்கொண்டால் அந்தப் பாதியும் போய்விடும்.

முகத்துக்கான வெளிச்சம் முன்னாலிருந்து, ஏறக்குறைய 45 பாகை சரிவில் வரவேண்டும். நடிகரின் கண் மட்டத்துக்கு மேலே 3 மீற்றர் உயரத்தில் பைப் இருக்கிறதென்றால், அவர் நிற்கும் இடத்திலிருந்து 3 மீற்றர் முன்னால் இருக்க வேண்டும். அதாவது பார்வையாளரின் முன்வரிசைக்கு மேலே, சுவருக்குச் சுவர் ஒரு ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). பாரம் தாங்குமா என்று உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்துச் சொல்லட்டும். இந்த ஒரு பைப் இல்லாததால்தான் குழுக்கள் ஜன்னல் கம்பியில் விளக்கைக் கட்டுகின்றன. இல்லாவிட்டால் நடைபாதையில் ஸ்டாண்ட் வைக்கின்றன, பிள்ளைகள் வயரில் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது கரண்ட். எத்தனை விளக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். 6 மீற்றர் அகல மேடையை இடம், நடு, வலம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு 500 வாட்ஸ் பார் லைட் (மேடைக்கான குவி விளக்கு) கொடுத்தால் மொத்தம் ஆறு விளக்கு, 3000 வாட்ஸ். 230 வோல்ட்டில் அது 13 அம்பியருக்குச் சற்றுக் கூட. ஒரு 15 அம்பியர் லைன் தாங்கும். பின்னாலிருந்து தோளுக்கும் தலைக்கும் இரண்டு விளக்கு வைக்க இன்னொரு லைன். சவுண்ட் சிஸ்டத்துக்கு மூன்றாவது, ஏனென்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமரும் மைக்கும் ஒரே லைனில் இருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். இவ்வளவுதான் எங்கள் தேவை. இது இல்லாத மண்டபங்களில் மின்விசிறிக்குப் போட்ட பிளக்கில் எல்லாவற்றையும் கொளுவுகிறோம். ஒரு மண்டபத்தில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே பிளக் உருகி மணம் வந்தது. பார்வையாளர்களில் கைக்குழந்தைகளோடு தாய்மார் இருந்தார்கள். இப்படியான ஒரு இரவு எந்த ஊருக்கும் வரக்கூடாது என்பதற்காகவும்தான் எழுதுகிறேன். நம் மலையகத்தின் நீர்மின் நிலையங்களான பழைய லக்சபானா 1950 இலிருந்தும், மேல் கொத்மலை 2012 இலிருந்தும் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. அந்தத் தண்ணீர் ஓடும் ஊர்களில் மேடைக்கு மூன்று நல்ல லைன் கேட்பது பெரிய காரியம் அல்ல.

மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். குறைந்த விளக்கில் நாடகம் போடுவது நமக்குப் புதிதல்ல. மாசி மாதத்தில் தோட்டங்களில் மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து ஆடும்போது ஒரு காலத்தில் பந்தமும் பெற்றோமக்ஸும்தான் வெளிச்சம். அது ஆட்டக்காரரின் பக்கத்திலேயே இருந்ததால் போதுமாக இருந்தது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். மண்டபத்தின் கடைசிச் சுவரில் பெரிய விளக்கைப் பொருத்துவது காசை வீணாக்குவது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பின்திரையைக் கடும் நிறத்தில் வைத்தால் உள்ள வெளிச்சம் முகத்துக்கு எடுபடும். வெள்ளை வேட்டி கண்ணைப் பறித்தால் ஒரு தரம் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயப்போடுவோம், முகம் தானாக முன்னுக்கு வரும். இரவுக் காட்சிக்கு விளக்குக் கூட்டத் தேவையில்லை, இரண்டை அணைத்துவிட்டு ஒன்றுக்கு முன்னால் நீல ஜெல் (நிறத் தாள்) போட்டால் போதும்.

விளக்கு வாங்கத்தான் வேண்டுமென்றால் தனித்தனியாக வாங்காதீர்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் அருகருகேதான் இருக்கின்றன. நான்கும் சேர்ந்து பன்னிரண்டு விளக்கு, ஒரு டிமர், தடித்த வயர், ஒவ்வொரு விளக்குக்கும் இரும்புப் பாதுகாப்புச் சங்கிலி என்று பூட்டுப் போட்ட இரண்டு பெட்டிகளில் வைத்துக்கொண்டால் எல்லா ஊருக்கும் போய்வரும். இன்று கண்டியிலிருந்து வாடகைக்கு எடுத்தால் லொறிக்கே பாதிக் காசு போகிறது. எல்ஈடி எடுப்பதானால் சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ளதை எடுக்க வேண்டாம். அந்த மூன்றையும் கலந்து வரும் வெள்ளையில் நம் தோல் நிறம் செத்துப்போய்த் தெரியும். இளமஞ்சள் வெள்ளை தனியாக உள்ளதாகப் பாருங்கள். கரண்டும் குறையும், டிமரும் தேவைப்படாது. அப்புறம், பெட்டி இருக்கும் அறை ஈரமில்லாததாக இருக்கட்டும். நம் மழையிலும் பனியிலும் பிளக்குகள் சீக்கிரம் களிம்பேறிவிடும்.

காசில்லாத ஒன்றும் கேட்கிறேன். மண்டபத் திறப்பை (சாவியை) நாடகத்தன்று பின்னேரம் நாலு மணிக்குத் தராதீர்கள். முதல் நாள் மாலையே தாருங்கள். விளக்கைத் திருப்பி, நடிகர்களை நிற்கவைத்து, யார் எங்கே இருட்டுக்குள் போகிறார் என்று பார்க்க ஒரு முழு மாலை வேண்டும். அந்த மாலை கிடைத்தால் ஆறு விளக்கில் செய்வதை, கிடைக்காவிட்டால் இருபது விளக்கிலும் செய்ய முடியாது. எங்கள் நடிகர்களில் பலர் பகலில் மலையில் கொழுந்து பறிப்பவர்கள், பாடசாலையில் படிப்பிப்பவர்கள். மாலையில்தான் அவர்களால் வரமுடியும்.

உங்கள் மண்டபத்தின் நீள அகலமும் கூரை உயரமும் மெயின் சுவிட்ச் போர்டின் படமும் தந்தால், பைப் எங்கே வரவேண்டும், லைன் எங்கே இழுக்க வேண்டும் என்று வரைந்து தர நாங்கள் தயார். அதற்குக் காசு எதுவும் வேண்டாம். நவம்பருக்குள் சொன்னால் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னரே உங்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
மலையகத்தில் நாடகத்துக்கு விளக்கமைக்கும் ஒருவர்