கருப்பட்டியும் ரை மாவும்

ஆர்.கே.புரம், தில்லி

அன்புள்ள சாந்தி,

நீ அனுப்பிய உடன்குடிக் கருப்பட்டி பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பார்சலைப் பிரித்ததும் கூடமெல்லாம் அந்த வாசம். பாதி பொங்கலுக்குப் போனது. மீதியை என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரியவன் ஜெர்மனியிலிருந்து வந்தபோது ரை ரொட்டி கொண்டுவந்தான். ரை என்பது கோதுமை மாதிரி ஒரு தானியம். கறுப்பு நிறம், லேசான புளிப்பு, மென்று முடித்தபின் நாக்கில் நிற்கிற ஒரு மண்வாசனை. இந்த மாவில் இனிப்பு செய்தால் எப்படி இருக்கும் என்று அன்றே மனசுக்குள் புகுந்துவிட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் "ரை ஆட்டா" என்று கேட்டதற்குக் கடைக்காரர் கடுகுப் பொட்டலத்தை நீட்டினார். இந்தியில் ராய் என்றால் கடுகுதானே! பையில் அச்சடித்த படத்தைக் காட்டித்தான் வாங்கினேன்.

முதலில் நம் ஊர் அல்வா மாதிரி பால் எடுக்கப் பார்த்தேன். கோதுமை மாவைப் பிசைந்து ஊறவைத்துக் கழுவினால் பால் தனியாக இறங்கி, ரப்பர் மாதிரி சக்கை கையில் நிற்கும் இல்லையா? ரையில் அப்படி ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் கஞ்சிப் பசையாக விரலில் ஒட்டிக்கொண்டது. கோதுமையைப் போல இழுபடும் பசையம் (குளூட்டன்) இதில் உருவாவதில்லை. தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழப்பாகும் நார்ச்சத்துதான் அதிகம். அதனால் இழுவை வேண்டிய பலகாரத்துக்கு ரை சரிப்படாது, உதிர்ந்து கரைய வேண்டியதற்குத்தான் பொருந்தும்.

அப்புறம் லட்டு பிடித்தேன். 200 கிராம் மாவை 120 கிராம் நெய்யில் சிறுதீயில் இருபது நிமிடம் கைவிடாமல் வறுத்தேன். பச்சை வாசம் போய், காபிக்கொட்டை வறுபடுகிற மாதிரி ஒரு மணம் எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்தபின் கத்தியால் சீவிய கருப்பட்டி 150 கிராம், சுக்கு, ஏலம். சாந்தி, வெள்ளைச் சர்க்கரை போட்டபோது ரையின் கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. கருப்பட்டியோடு சேர்ந்தபோது அந்தக் கசப்பே ருசியாகிவிட்டது. இரண்டும் ஒரே நிறம், ஒரே குணம். பின்லாந்தில் ஈஸ்டருக்கு ரை மாவும் ரை மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய ரை) சேர்த்து அடுப்பில் மெதுவாக வேகவைத்து, மேலே கிரீம் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். படித்தபோது களிதான் நினைவுக்கு வந்தது.

தைப்பூசத்தன்று மலை மந்திர் போய்வந்து, பக்கத்து வீட்டு பஞ்சாபி மாமிக்கு நாலு லட்டு கொடுத்தேன். மறுநாள் செய்முறை கேட்டு வந்துவிட்டார். பிரவுனியில் மைதாவுக்குப் பதில் முழுக்க ரையே போட்டேன், அதுவும் நன்றாக வந்தது. சுட்ட அன்றைவிட மறுநாள்தான் அதிக ருசி.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். கௌரிக்கு சீலியாக், அதாவது பசையம் ஒத்துக்கொள்ளாத நோய் என்று எழுதியிருந்தாய், படித்ததிலிருந்து மனசு கிடந்து தவிக்கிறது. கோதுமை, பார்லி மாதிரியே ரையும் அவளுக்கு ஆகாது. தமிழில் சிலர் ரையைக் கம்பு என்றே மொழிபெயர்த்துவிடுகிறார்கள், பொட்டலத்தில் அப்படி இருந்தால் நம்பிவிடாதே. நம் கம்பு வேறு தானியம், அதில் பசையம் கிடையாது, அவள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மில்லில் கோதுமை அரைத்த எந்திரத்திலேயே கம்பையும் போடுவார்கள். வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள். அதே அளவில் நெய்யும் கருப்பட்டியும் போட்டு உருண்டை பிடித்துக் கொடு.

அவளுக்குப் பிடித்ததா என்று உடனே எழுது. புதுக் கருப்பட்டி வந்ததும் எனக்கு இரண்டு கிலோ எடுத்து வை, சித்திரையில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
கோமதி