எங்கள் மின்னஞ்சல்களை ஜிமெயில் ஏற்க மறுப்பது பற்றிப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சர்வர் மாற்றத்துக்குப் பிறகு புதிய ஐபி முகவரிக்கு (சர்வரின் இணைய எண்) பிடிஆர் பதிவு (அந்த எண்ணுக்கு உரிய சர்வர் பெயரைச் சொல்லும் பதிவு) போடாமல் விட்டது

ஐயா / அம்மா,

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறோம். எங்கள் டொமைன், மின்னஞ்சல் இரண்டும் பல வருடமாக உங்களிடம்தான் இருக்கின்றன. போன மாதம் 'பராமரிப்பு' என்று அறிவித்து எங்கள் கணக்கைப் புதிய சர்வருக்கு மாற்றினீர்கள். அன்றிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் கடிதம் எதுவும் போய்ச் சேரவில்லை.

திரும்பி வரும் அறிவிப்பில் காரணம் தெளிவாகவே இருக்கிறது. 550 5.7.25 என்ற எண்ணும், அனுப்பும் ஐபி முகவரிக்கு பிடிஆர் பதிவு இல்லை, அல்லது பதிவில் உள்ள பெயர் அதே ஐபிக்குத் திரும்பி வரவில்லை என்ற விளக்கமும் அதில் வருகின்றன. இந்த அறிவிப்பை முழுதாக உங்கள் உதவிப் பிரிவுக்கு அனுப்பினேன். கடிதத்தில் 'சலுகை' மாதிரியான சொற்களைத் தவிர்க்கச் சொன்னார்கள். இணைப்புகளை எடுத்துவிடச் சொன்னார்கள். பெறுபவர்களிடம் சொல்லி எங்கள் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். சரி என்று 'வணக்கம்' என்ற ஒரே சொல்லை எழுதி, இணைப்பு எதுவும் இல்லாமல் அனுப்பிப் பார்த்தேன். அதுவும் அதே எண்ணோடு திரும்பி வந்தது. ஜிமெயில் மறுப்பது சர்வரின் முகவரியை. உள்ளே என்ன எழுதினாலும் இது மாறாது.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். எங்கள் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய ஐபி இருக்கிறது, கடிதம் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகிம் கையொப்பம் சரியாக விழுகிறது, இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவும் போட்டிருக்கிறோம். ஆனால் பிடிஆர் பதிவு எங்கள் டொமைனுக்குள் இருப்பதில்லை. ஐபி முகவரி யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் அதைப் போட முடியும். அது நீங்கள். ஐபிக்கு உரிய பெயரைத் தேடித் தரும் என்எஸ்லுக்கப் என்ற கணினிக் கட்டளையில் புதிய ஐபியைக் கொடுத்தால் பெயர் எதுவும் வருவதில்லை. பழைய ஐபியைக் கொடுத்தால் இன்றும் உங்கள் சர்வரின் பெயர்தான் வருகிறது. அதாவது, சர்வரை மாற்றியபோது இந்தப் பதிவைப் புதிய ஐபிக்குப் போட மறந்துவிட்டீர்கள். ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் எல்லாருக்கும் 2024 பிப்ரவரியில் இருந்து கூகுள் இந்தப் பதிவைக் கட்டாயமாக்கிவிட்டது. மின்னஞ்சல் சேவையையே தொழிலாக நடத்தும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

உங்கள் ஊழியர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு "போகிறதே, பிரச்சினை இல்லை" என்று சொல்லிப் புகாரை முடித்து வைத்தார். அவர் அனுப்பியது உங்கள் சர்வரிலேயே இருக்கும் இன்னொரு பெட்டிக்கு. அந்தக் கடிதம் வெளியே போகவே இல்லை. அப்புறம் இன்னொருவர், மாதாமாதம் கூடுதல் கட்டணம் கட்டித் தனி ஐபி வாங்கிக்கொள்ளலாம் என்றார். உங்கள் தவறைச் சரிசெய்ய நான் பணம் கட்ட மாட்டேன்.

இதனால் எங்களுக்கு வந்த தொல்லையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தூத்துக்குடியில் இருந்து எங்களுக்கு மிளகாய் வற்றல் அனுப்புபவர் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார். ஆர்டர் போய்ச் சேராததால் எங்கள் கணக்குப் பிரிவு அம்மா, பணம் செலுத்திய ரசீதைத் தன் சொந்த மின்னஞ்சலில் இருந்து அனுப்பினார். புது முகவரியைப் பார்த்ததும் மோசடியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, தூத்துக்குடிக்காரர் சரக்கை நிறுத்தி வைத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். வியாபாரிகள் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிப்பது இப்போது எங்கும் நடக்கிறது. நான் போன் போட்டு, குரலைக் கேட்ட பிறகுதான் சரக்கை ஏற்றினார். தீபாவளி நெருங்கும் நேரத்தில் கடையில் மிளகாய் இல்லை என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் புதிய ஐபிக்கு பிடிஆர் பதிவு போடுங்கள். அதில் வரும் பெயர் அதே ஐபிக்குத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு, வெளியே உள்ள ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பிச் சோதியுங்கள். ஸ்பாம் (வேண்டாத மின்னஞ்சல்) அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் தடைப் பட்டியலில் அந்த ஐபி இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு அதை வைத்திருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் அதன் பழியும் எங்கள் தலையில்தான் விழும். அந்த அமைப்பின் தடைப் பட்டியல்களில் ஒன்றான எஸ்பிஎல்லில் இருந்தால், நீக்கச் சொல்லி உங்கள் தரப்பில் இருந்துதான் கேட்க வேண்டும். சேவை கிடைக்காத நாட்களுக்கு உரிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். என்ன நடந்தது என்று எழுத்தில் விளக்கமும் வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் இது நடக்கவில்லை என்றால், டொமைன் மாற்றக் குறியீட்டை அன்றே எனக்கு அனுப்பிவிடுங்கள். வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறேன். திரும்பி வந்த அறிவிப்புகளையும் என்எஸ்லுக்கப் முடிவுகளின் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
லெபோ பாசார், ஜார்ஜ்டவுன், பினாங்கு