மத்தி மீனை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாத இதழின் மருத்துவப் பக்கத்தில் ‘கொழுப்பைக் கொல்லுங்கள்’ என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஓரத்தில் ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற பெட்டிச் செய்தி. வனஸ்பதி, பொரித்த பலகாரம் எல்லாம் வந்து, ஐந்தாவது இடத்தில் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்கள். என் வீட்டம்மா அந்தப் பெட்டியை மட்டும் அழகாகக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு மூன்று வாரமாக வீட்டில் மத்தி இல்லை. கேட்டால், “பத்திரிகைலயே போட்டுக்கிறாங்க, உனக்கு இன்னா தெரியும்?” என்கிறார்.

எனக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. வடசென்னையில் ஒரு சின்ன லேபில் முப்பத்தொரு வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். கொழுப்பைப் புத்தகத்தில் பார்த்ததைவிடக் கண்ணாடிக் குழாயில் பார்த்தது அதிகம்.

ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே சீரம் நிற்கும். வெறும் வயிற்றில் வந்தவரின் சீரம் இளமஞ்சளாக, அந்தப் பக்கம் விரல் தெரிகிற மாதிரி இருக்கும். பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, “ஒண்ணும் சாப்புடல சார்” என்று சத்தியம் செய்பவரின் சீரம் கஞ்சித்தண்ணி போலக் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சில சமயம் அச்சு அசல் பாலாகவே இருக்கும். அந்தக் குழாயை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்ப்போம். மேலே ஆடை கட்டி, கீழே தெளிந்திருந்தால் அது சாப்பாட்டில் வந்த கொழுப்பு. ஆடையே கட்டாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கலாக இருந்தால் அது கல்லீரல் தானே செய்து அனுப்பிய கொழுப்பு. இப்போதைய மெஷின்கள் வந்த பிறகு இதை யாரும் செய்வதில்லை. ஆனால் இந்த இரவுப் பரிசோதனை சொல்லிக் கொடுத்ததை உங்கள் கட்டுரை சொல்லவில்லை.

ஒருவர் மாதாமாதம் வருவார். கறி, மீன், முட்டை எதுவும் தொடமாட்டார், எண்ணெயும் கணக்காகத்தான். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 480, எக்கச்சக்கம். “நான் கொழுப்பே சாப்பிடறதில்லையே, உங்க மெஷின்தான் கோளாறு” என்று சண்டைக்கு நிற்பார். அவர் குழாயில் ஆடை கட்டவே இல்லை, முழுக்கக் கலங்கல். மூன்று வேளையும் சோறு, நடுவில் ஆறு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. உடம்புக்கு வேண்டிய மாவுச்சத்து போக மிஞ்சுவதில் கொஞ்சத்தைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கும். அந்தக் கிடங்கு சின்னது. அது நிரம்பியபின் வருவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்ற ஆரம்பித்துவிடும். சாராயமும் இதே கல்லீரலில் கொழுப்பைத்தான் பெருக்கும். திங்கட்கிழமை காலை சீரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்டுரையில் சோற்றைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். இல்லை.

அடுத்தது ‘நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு’ என்ற பேச்சு. எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதை எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் நின்று வாளியால் அள்ளியதைப் பார்த்தவர்கள் நாங்கள். ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் கொழுப்பு போக வேண்டுமானால் புரத உறை போட்ட வண்டி வேண்டும். சாப்பாட்டுக் கொழுப்பைக் குடல் ஏற்றி அனுப்புவது கைலோமைக்ரான் என்ற பெரிய வண்டியில். ஆடை கட்டுவது அதுதான். கல்லீரல் அனுப்புவது வி.எல்.டி.எல். அது வழியெல்லாம் சரக்கை இறக்கிச் சுருங்கிக் கடைசியில் எல்.டி.எல். ஆகிறது. ‘கெட்ட கொழுப்பு’ என்பது இதைத்தான். மிஞ்சிய கொலஸ்ட்ராலைப் பொறுக்கிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்பும் வண்டி எச்.டி.எல்., அதாவது ‘நல்ல கொழுப்பு’. உள்ளே இருக்கும் கொலஸ்ட்ரால் எல்லாவற்றிலும் ஒன்றேதான். மீன்பாடி வண்டியில் போனாலும் குட்டியானையில் போனாலும் வஞ்சிரம் வஞ்சிரம்தானே?

எல்.டி.எல். வண்டிகள் அளவுக்கு மீறி ஊர்சுற்றினால் ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்து அடைப்பை உண்டாக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செல்கள் அந்த வண்டியை எப்படிப் பிடித்து உள்ளே இழுக்கின்றன என்று கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்வதும் அந்த வழியில்தான்: கல்லீரலின் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துவிட்டால், அது தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். நானும் ராத்திரி ஒன்று போட்டுக்கொள்கிறேன். யாரும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே செய்துகொள்வது. பித்தநீர், வைட்டமின் டி, ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்து வருபவை. (சமையல் எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, கடலையிலும் எள்ளிலும் அது எப்போது இருந்தது?)

எங்கள் பக்கத்தில் ஒருவனை மட்டம்தட்ட “இன்னா, கொயுப்பா?” என்றால் போதும். பேச்சுவழக்கிலேயே இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர். ஆனால் மருத்துவப் பக்கமும் அதே தொனியில் பேசினால் எப்படி? கொழுப்பை நிஜமாகவே கொன்றுவிட்டால் ஒரு செல்கூட நிற்காது. 1925இல் ஹாலந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பிப் பார்த்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அது பிடித்தது. அப்படியானால் செல்லின் மேலுறை இரண்டு அடுக்குக் கொழுப்பு! இதில் வேடிக்கை, அவர்கள் கணக்கில் இரண்டு தப்பு செய்திருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை சரியாக வந்துவிட்டது. லேபில் வேலை செய்தவனுக்குத்தான் அந்த அதிர்ஷ்டத்தின் அருமை தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழு வருடத்துக்கு முன் என் மகளுக்கு 31 வாரத்திலேயே வலி வந்துவிட்டது. பேரன் பிறந்தான், கோழிக்குஞ்சு மாதிரி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டு வெள்ளையாக ஒரு மருந்தை இறக்கினார்கள். எனக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். நான் வருடக்கணக்காகக் குழாயில் பார்த்த பால் நிறம். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகள் ஈரமாக இருப்பதால், மூச்சு விடும்போது சுவரோடு சுவர் ஒட்டி மூடிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் காப்பது சர்ஃபேக்டன்ட் என்ற படலம். அதில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு வகை. குறைமாதக் குழந்தைக்கு அது போதுமான அளவில் ஊறியிருக்காது. பேரனுக்கு டியூப் வழியாக இறக்கியது அதைத்தான். மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர் 1959இல் கண்டுபிடித்துச் சொன்னது இதை. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குழந்தையே இந்தக் குறையால் இரண்டு நாளில் இறந்துபோனது. அப்போது இந்த மருந்து கிடையாது. இன்றைக்கு அதை மாடு, பன்றியின் நுரையீரலிலிருந்து எடுக்கிறார்கள். என் பேரன் இப்போது இரண்டாம் வகுப்பு, மாடிப்படியில் நடந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

சரி, மீனுக்கு வருகிறேன். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோய், வெயிலில் வைத்து எடுக்கிறோம் இல்லையா? 24 டிகிரிக்குக் கீழே போனால் அது கெட்டியாகிவிடும். மத்தியின் எண்ணெய் ஐஸ் பெட்டியில் கிடந்தாலும் அப்படி இறுகாது. அதன் கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் நிறைய வளைவுகள் இருப்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. குளிர்ந்த தண்ணீரிலும் மீனின் செல்லுறை விறைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஒமேகா 3 என்று கடையில் மாத்திரையாக விற்பதும் இதைத்தான். மீன்கூட அதைச் சொந்தமாகச் செய்வதில்லை, கடலில் மிதக்கும் நுண்பாசியிலிருந்து வருவது. நம் மூளையும் விழித்திரையும் அதை எடுத்து வைத்துக்கொள்கின்றன. வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும் குடும்பங்களுக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும்தான் இதற்கு வழி. அதைப் போய் வனஸ்பதியோடு ஒரே பெட்டியில் போட்டுவிட்டீர்களே! அதை எந்த எண்ணெயில், எத்தனை முறை காய்ந்த எண்ணெயில் பொரிக்கிறோம் என்பது வேறு வழக்கு. குழம்பு வைத்தால் ஒரு வழக்கும் இல்லை.

கட்டுரை முழுவதையும் திருத்தச் சொல்லவில்லை. அந்தப் பெட்டிச் செய்தியை மட்டும் ஐந்தாவது வரி இல்லாமல் திருத்திப் போடுங்கள். முன்பு போட்ட அதே அளவில் இருக்கட்டும், பழையதின் மேலேயே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
தண்டையார்பேட்டை, சென்னை.