பத்தாவது பைட்

அன்புள்ள மகளுக்கு,

ரஸ்ட் நிரல்மொழியில் லெப்128 (LEB128: எண்ணை 7 பிட் துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு பைட்டாக எழுதும் முறை) நீயே எழுதுகிறேன் என்றாய், நல்லது. எழுதும் பக்கம் சுலபம்: எண்ணின் கீழ் 7 பிட்டை எடு, மேலே மிச்சம் இருந்தால் 128 சேர்த்துப் போடு, எண்ணை 7 பிட் வலப்பக்கம் தள்ளு, மிச்சம் தீரும்வரை இதே. 300 என்றால் 172, 2. படிக்கிற பக்கம்தான் ஆபத்து கண்ணு: ஒவ்வொரு பைட்டின் 7 பிட்டையும் 0, 7, 14 என்று இடப்பக்கம் தள்ளிச் சேர்க்க வேண்டும். அங்கே வருகிற பைட்டுகளை யாரோ அனுப்புகிறார்கள்.

யு64-க்கு (u64, குறியில்லாத 64 பிட் எண்) அதிகபட்சம் 10 பைட். ஒன்பதிலேயே 63 பிட் போய்விடும். பத்தாவதில் ஒரே ஒரு பிட்டுக்குத்தான் இடம். அது 1-ஐத் தாண்டினால் உடனே பிழை சொல்லி நிறுத்து. ரஸ்ட்டின் செக்டு_எஸ்எச்எல் (checked_shl, சோதித்து இடப்பக்கம் தள்ளும் செயல்) இதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதே. தள்ளும் அளவு 64-ஐ எட்டுகிறதா என்று மட்டுமே அது பார்க்கும். 63 இடம் தள்ளும்போது மேலே உதிரும் பிட்டுகளைக் கண்டுகொள்ளாது. வெறும் ஷிப்ட் போட்டாலோ இன்னும் மோசம்: பதினோராவது பைட்டுக்கு 70 இடம் தள்ளச் சொல்வாய், டீபக் பில்டில் (பிழை தேட உருவாக்கும் பதிப்பில்) பேனிக் ஆகும், அதாவது நிரல் நின்றுவிடும், வழக்கமான ரிலீஸ் பில்டில் அந்த 70 சத்தமில்லாமல் 6 ஆகிவிடும். தப்பான எண் சரியான எண் போலவே வெளியே வரும். 127-ஆல் மறைத்து (கீழ் 7 பிட்டை மட்டும் வைத்து) எடுத்த பைட்டை முதலில் யு64 ஆக்கு, பிறகு தள்ளு.

பாதியில் பைட் தீர்ந்தால் அதுவரை சேர்ந்ததைத் திருப்பித் தராதே. ‘இன்னும் வேண்டும்’ ஒரு பிழை, ‘கெட்டுப்போனது’ வேறு பிழை; நெட்வொர்க்கிலிருந்து படிக்கும்போது இந்தப் பிரிவு இல்லாமல் சமாளிக்க முடியாது.

128, 0 என்று வந்தாலும் மதிப்பு 0-தான். ஒரே மதிப்புக்கு இரண்டு வடிவம் ஆகிவிடும்; ஹேஷ் (தரவின் கைரேகை போன்ற எண்) எடுக்கும் தரவு என்றால் இதை மறுத்துவிடு. வெப்அசெம்பிளியில் (உலாவியில் ஓடும் பைனரி நிரல் வடிவம்) மட்டும் மறுக்கக் கூடாது. லிங்கர் (நிரல் துண்டுகளை இணைக்கும் கருவி) பிற்பாடு நிரப்புவதற்காக 5 பைட் ஒதுக்கி வைக்கும், அங்கே இந்த நீட்டல் செல்லும்.

குறை எண்களை அப்படியே யு64 ஆக்கினால் -1-க்கே 10 பைட் செலவாகும். ஜிக்ஜாக் செய், அதாவது குறை எண்களையும் கூட்டல் எண்களையும் மாற்றி மாற்றி அடுக்கு: 0, -1, 1, -2 என்பவை 0, 1, 2, 3 ஆகும். அந்தக் கணக்கில் வரும் 63 பிட் வலப்பக்கத் தள்ளலை ஐ64 (i64, குறியுள்ள 64 பிட் எண்) ஆக இருக்கும்போதே செய். யு64 ஆக்கிய பிறகு தள்ளினால், குறை எண்ணுக்கு -1 வரவேண்டிய இடத்தில் 1 வரும்.

டெஸ்டில் 0, 127, 128, 16383, 16384 எல்லாம் இருக்கட்டும். ஒன்பது 255-க்குப் பின் 1 என்பதை ஏற்க வேண்டும். 1-க்குப் பதில் 2 என்றால் மறுக்க வேண்டும். ரிலீஸ் பில்டிலும் ஓட்டிப் பார்.

அன்புடன்,
அம்மா